டெம்பரேச்சர் முள் 'எச்'-ல நிக்குதா? பழைய கார்களில் கோளாறு இன்ஜினிலா, மீட்டரிலா? கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு டெம்பரேச்சர் முள் 'எச்' பக்கம் ஏறினாலே பகீர் என்றிருக்கும். உடனே ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என ஒவ்வொன்றாக மாற்றி பணத்தைச் செலவழிப்பார்கள். கடைசியில் பார்த்தால் இன்ஜின் நல்லாத்தான் இருக்கும், மீட்டர்தான் தப்பாகக் காட்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறாக, "இந்த மீட்டர் எப்பவுமே இப்படித்தான்" என்று விட்டுவிட்டு, ஹெட் கேஸ்கெட் போய் நடுரோட்டில் நிற்பவர்களும் உண்டு. இரண்டுமே நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

முதலில் நிஜ சூட்டைப் பாருங்க

எந்தப் பாகத்தையும் கழற்றும் முன், இன்ஜினின் உண்மையான வெப்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, தெர்மோஸ்டாட் இருக்கும் பகுதியில் காட்டி அளக்கவும். பளபளக்கும் அலுமினியத்தில் அளவு குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி அளந்தால் சரியாக இருக்கும்.

பல பழைய கார்களின் தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரி செல்சியஸில் திறக்கும். அளந்த வெப்பம் அதை ஒட்டியே இருந்து, முள் மட்டும் 'எச்'-ல் நின்றால் சந்தேகம் மீட்டர் மேல்தான். வெப்பம் நிஜமாகவே அதிகம் என்றால் மீட்டரை விட்டுவிட்டு, கூலன்ட், ஃபேன், ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும்.

உங்க கார்ல எந்த வகை மீட்டர்?

பழைய கார்களில் இரண்டு வகை உண்டு. மீட்டரின் பின்னால் இருந்து இன்ஜினுக்கு மெல்லிய உலோகக் குழாய் போனால் அது மெக்கானிக்கல். வெறும் வயர் போனால் எலெக்ட்ரிக்.

மெக்கானிக்கல் வகையில் குழாய் முனையில் உள்ள பல்பை, இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி, கொதிக்கும் நீரில் வைக்கவும். முள் 100 டிகிரியை ஒட்டி வர வேண்டும். எண்கள் ஃபாரன்ஹீட்டில் இருந்தால் 212. ஊட்டி போன்ற உயரமான ஊர்களில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் கணக்கில் எடுக்கணும். குழாய் உடைந்தால் உள்ளே இருப்பது வெளியேறி, முள் எழவே எழாது. இதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

எலெக்ட்ரிக் மீட்டர்: 3 சோதனைகள்

1. பெட்ரோல் முள்ளையும் பாருங்க: 1960, 70-களின் பல பிரிட்டிஷ் கார்களில் இரண்டு மீட்டருக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான். பேட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரியாக 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். அதே காலத்து அமெரிக்க ஃபோர்டு கார்களில் இது சுமார் 5 வோல்ட். இரண்டு முள்ளுமே கூடுதலாகக் காட்டினால் ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையும் சோதிக்கவும். டாஷ்போர்டில் துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூகூட எர்த்தைக் கெடுத்துவிடும்.

2. வயரைக் கழற்றுங்க: இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சார் வயரைக் கழற்றினால் முள் 'சி'-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது மீட்டரே பழுது. அதே வயரைச் சில விநாடி மட்டும் இன்ஜினில் தொட்டால் முள் மெதுவாக ஏற வேண்டும். ஏற ஆரம்பித்ததும் எடுத்துவிடவும்.

3. சென்சாரைச் சோதிங்க: மல்டிமீட்டரில் அளந்தால், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் சீராகக் குறைய வேண்டும். குறைந்தும் முள் தப்பாகக் காட்டினால், வேறு மாடலின் சென்சாராக இருக்கலாம். இது அடிக்கடி நடக்கும் தவறு. திருகில் டெஃப்ளான் டேப் அதிகம் சுற்றினாலும் எர்த் கிடைக்காமல், முள் குறைவாகக் காட்டும்.

முள் 'சி'-ல இருந்தா நிம்மதியா?

இதுதான் ஆபத்தான இடம். கூலன்ட் வெகுவாகக் குறைந்தால் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நிற்கும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும், முள் மட்டும் கீழே இறங்கும். ஓடும்போது முள் திடீரென விழுந்தால் வண்டியை ஓரம் கட்டவும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

* இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் கொதிநீர் பீறிட்டு அடிக்கும்.
* ஸ்டெபிலைசருள்ள மீட்டருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுக்காதீர்கள். உள்ளே எரிந்துவிடும்.
* பல பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் எர்த். எலெக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளவும்.

மீட்டரைச் சரிசெய்யும் வரை முள் காட்டுவது பொய் என்று முடிவு கட்டி ஓட்ட வேண்டாம். ஆவி, கூலன்ட் வாசனை, இன்ஜின் இழுவைக் குறைவு தெரிந்தால், முள் எங்கே நின்றாலும் வண்டியை நிறுத்துவதே நல்லது.