கண்ணாடி வீட்டில் ஈடித்

இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலை பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அந்த ஒளிப்படம் நம் கண்ணில் படாமல் போவதில்லை. புல்வெளி, ஆற்றங்கரை மரங்கள், அவற்றின் நடுவே தரையைத் தொடாமல் நிற்கும் ஒரு வெண்ணிறக் கண்ணாடிப் பெட்டி. 'ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம், கட்டடக் கலைஞர்: மீஸ் வான் டெர் ரோ, 1951' என்று கீழே ஒரு வரி. நாமும் பல ஆண்டுகள் அந்தப் படத்தை அப்படியே பார்த்து வியந்து பக்கத்தைத் திருப்பியவர்கள்தாம். ஃபார்ன்ஸ்வொர்த் என்பது ஒரு பெண்மணியின் பெயர், அவர் இங்கே இருபது ஆண்டுகள் வார இறுதிகளைக் கழித்தார், சமைத்தார், உடை மாற்றினார், உறங்க முயன்றார் என்ற எண்ணம் நமக்கு எழவே இல்லை என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் 1903இல் சிகாகோவில் பிறந்தவர். முதலில் இலக்கியம் பயின்றார். பிறகு வயலின் கற்க இத்தாலிக்குச் சென்றார். அதையும் விட்டு மருத்துவத்துக்கு வந்து, சிறுநீரக நோய்களில் பெயர்பெற்ற மருத்துவராகவும் ஆய்வாளராகவும் உயர்ந்தார். பெண் மருத்துவர்கள் அரிதாக இருந்த காலம் அது. மணம் செய்துகொள்ளவில்லை. வாரம் முழுவதும் மருத்துவமனையில் உழைத்துவிட்டுச் சனி, ஞாயிறுகளில் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று விரும்பியவர், நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், பிளேனோ என்ற சிற்றூருக்கு அருகே, ஃபாக்ஸ் ஆற்றின் கரையில் ஒன்பது ஏக்கர் நிலம் வாங்கினார். சுற்றிலும் விவசாய நிலம். 1945இல் ஒரு விருந்தில் மீஸைச் சந்தித்தபோது, இங்கே ஒரு சிறு வீடு கட்டவேண்டும் என்ற தம் ஆசையைச் சொன்னார்.

மீஸ் அப்போது சிகாகோவில் கட்டடக்கலை பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் பௌஹாவுஸ் கலைப்பள்ளியின் கடைசித் தலைவராக இருந்து, நாஜிகளின் ஆட்சியில் அந்தப் பள்ளி மூடப்பட்டபின் அமெரிக்கா வந்தவர். எஃகும் கண்ணாடியும் போதும், சுவர் என்ற ஒன்றே தேவையில்லை என்று அவர் மனத்தில் வளர்ந்திருந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க இந்த ஆற்றங்கரை வாய்த்தது. தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து நிலத்தைப் பார்வையிட்டார்கள். ஆற்றங்கரையில் அமர்ந்து உண்டார்கள், பேசினார்கள். 1947இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மீஸின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது இந்த வீட்டின் மாதிரியும் இடம்பெற்றது. கட்டுமானம் தொடங்கியது 1949இல்தான். அந்த மாதிரியைப் பார்த்துத் தூண்டுதல் பெற்ற ஃபிலிப் ஜான்சன், கனெடிகட் மாநிலத்தில் தமக்கென ஒரு கண்ணாடி வீட்டைக் கட்டி அதே 1949இல் முடித்தும்விட்டார். மூலத்துக்கு முன்பே வழிநூல் வெளிவந்துவிட்ட கதை இது.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுவோம். ஏறத்தாழ 77 அடி நீளமுள்ள இரண்டு பலகைகள். ஒன்று தரை, மற்றொன்று கூரை. வெளிப்புறமாக நிற்கும் எட்டு எஃகுத் தூண்கள் இவ்விரண்டையும் தாங்குகின்றன. பற்றவைத்த தடம் தெரியாதபடி இழைத்து வெள்ளை வண்ணம் பூசியிருப்பதால், தூண்கள் பலகைகளை விளிம்பில் ஒட்டிப் பிடித்திருப்பது போன்ற மயக்கம் ஏற்படுகிறது. உள்ளே அறைகள் இல்லை. நடுவே மரப் பலகைகளால் மூடிய ஒரு கூடு. அதனுள் இரண்டு குளியலறைகள். அதன் ஒரு பக்கத்தில் சமையல் மேடை, மறுபக்கத்தில் கணப்பு. தரை முழுதும் டிராவர்டைன் கல். நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி.

பார்ப்பதற்கு இதைவிடத் தூய்மையான ஒன்று இல்லை என்றே நாம் இன்றும் கருதுகிறோம். ஆனால் தங்குவதற்கு?

1950ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஈடித் முதன்முதலாக அங்கே தங்கினார். திரைச்சீலை இன்னும் போடப்படவில்லை. சுற்றிலும் இருட்டு, நடுவே விளக்கொளியில் தாம் மட்டும். வெளியே இருப்பவர் யாராக இருந்தாலும் உள்ளே இருப்பவரைக் காணலாம். உள்ளே இருப்பவருக்குக் கண்ணாடியில் தம் முகம்தான் தெரியும். அந்த இரவின் அமைதியின்மையைப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அக்குறிப்புகள் நூலாக அச்சேறாமல், சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் கையெழுத்துப்படிகளாகப் பாதுகாக்கப்பட்டன.

கோடையில் வெயில் உள்ளே புகுந்தால் வெளியேற வழியில்லை. திறக்கக்கூடியவை மேற்கே கதவும் கிழக்குக் கண்ணாடியின் அடியில் இரண்டு சிறு சாளரங்களும் மட்டுமே. தெற்கே நின்ற பெரிய மேப்பிள் மரத்தின் நிழல்தான் உண்மையான கூரை. குளிர்காலத்தில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்து வழிந்தது. ஆற்றங்கரை என்றால் கொசுவும் உண்டு. முன் திண்ணைக்கு வலையடிக்க வேண்டியதாயிற்று. துணி மாட்ட அலமாரி கேட்டபோது, வார இறுதி வீட்டுக்கு ஓர் உடை போதுமே, குளியலறைக் கதவின் கொக்கியில் மாட்டலாமே என்று மீஸ் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. போதாக்குறைக்கு, புகழ் பரவப் பரவ, அழைப்பின்றியே வீட்டைக் காண ஆட்கள் வந்து கண்ணாடிக்கு வெளியே நிற்கத் தொடங்கினார்கள். ஒதுங்க வந்தவர் காட்சிப்பொருள் ஆனார்.

செலவும் ஏறிக்கொண்டே போய் ஏறத்தாழ 74,000 டாலரைத் தொட்டது. 1951இல் மீஸ் தமக்குச் சேரவேண்டிய தொகைக்காக வழக்குத் தொடுத்தார். ஈடித் எதிர்வழக்குத் தொடுத்தார். யார்க்வில் என்ற சிற்றூரில் 1952இல் நடந்த விசாரணையில், கூரை ஒழுகியது முதல் ஒப்பந்தம் எழுதப்படாதது வரை எல்லாம் பேசப்பட்டன. தீர்ப்பின் போக்கு மீஸுக்குச் சாதகமாக இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ஈடித் 14,000 டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. இதற்கிடையே 1953இல் 'ஹவுஸ் பியூட்டிஃபுல்' இதழ் இவ்வகை வீடுகளையே அமெரிக்க வாழ்வுக்கு வந்த அச்சுறுத்தலாகச் சித்திரித்து, ஈடித்தின் குறைகளைத் தன் போருக்கு ஆயுதமாக எடுத்துக்கொண்டது. அந்த இதழின் தேசியவாதக் கூச்சல் நமக்கு உவப்பானதல்ல. ஆனால் குப்பைத் தொட்டியை எங்கே வைத்தாலும் சாலையிலிருந்து தெரிகிறதே என்ற ஈடித்தின் முறையீட்டில் கூச்சல் ஏதும் இல்லை. எந்த வீட்டாரும் கேட்கக்கூடிய கேள்விதான் அது.

கட்டடக்கலை உலகம் வேறு கதை சொல்லிக்கொண்டது. கைவிடப்பட்ட காதலியின் கோபம் என்றது. வீட்டோடு கலைஞரும் சேர்ந்து வருவார் என்று எதிர்பார்த்து ஏமாந்தவள் என்ற கேலி பல பதிற்றாண்டுகள் உலவியது. ஓர் ஆண் கட்டணத்துக்காக வழக்காடினால் அது தொழில். ஒரு பெண் கணக்குக் கேட்டால் அது காதல் தோல்வி. அவர் ஒரு மருத்துவர், அறிவியல் ஆய்வாளர் என்பதையெல்லாம் ஒரே நகைச்சுவைத் துணுக்கு அழித்துவிட்டது.

வியப்பு என்னவென்றால், அவர் வீட்டை விட்டுப் போகவில்லை. மீஸ் மனத்தில் வைத்திருந்த நாற்காலிகளை விடுத்துத் தமக்குப் பிடித்த ஸ்காண்டிநேவிய மரச்சாமான்களையும் குடும்பப் பொருள்களையும் இட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே வந்து தங்கினார். இத்தாலியக் கவிதைகளை மொழிபெயர்த்தார். யூஜினியோ மொந்தாலேயின் கவிதைகளை அவர் ஆங்கிலத்தில் தந்த தொகுப்பு 1970இல் வெளிவந்தது. மொந்தாலே நோபல் பரிசு பெற்றது 1975இல்தான். இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இந்தச் செய்தி கிடைக்க ஒரு கட்டடத்தின் வழக்கு வரலாற்றைத் துழாவ வேண்டியிருந்தது!

இறுதியில் அவரை வெளியேற்றியது கண்ணாடி அல்ல, சாலை. அறுபதுகளின் பிற்பகுதியில் ஆற்றின் மேல் புதிய பாலம் அமைக்க அவருடைய நிலத்தின் ஒரு பகுதியை அரசு நிர்வாகம் கையகப்படுத்தியது. வழக்காடித் தோற்றார். வண்டிகளின் இரைச்சல் வீட்டை நெருங்கியது. 1972இல் பீட்டர் பலம்போ என்ற ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு இத்தாலிக்குக் குடிபெயர்ந்தார். 1977இல் அங்கே மறைந்தார். பலம்போ கொசுவலையை அகற்றினார், மீஸின் நாற்காலிகளைக் கொண்டுவந்தார். ஒளிப்படங்களில் நாம் கண்டு மயங்கிய வீடு பெரும்பாலும் இந்த வீடுதான். ஈடித்தின் தடங்கள் துடைக்கப்பட்டபின் எடுத்தது.

ஆறு மட்டும் யாருக்கும் கட்டுப்படவில்லை. வெள்ளத்தை எண்ணித்தான் தரையை ஐந்தடிக்கும் மேலாக உயர்த்தியிருந்தார் மீஸ். ஆயினும் 1954இலேயே நீர் உள்ளே புகுந்தது. ஆற்றின் மேற்பகுதியில் நகரங்கள் பெருகி, மழைநீர் மண்ணில் இறங்காமல் நேரே ஆற்றில் சேரத் தொடங்கியபின் நிலைமை மோசமாயிற்று. 1996இல் வெள்ளம் வீட்டுத் தரைக்கு மேல் ஐந்தடி ஏறிக் கண்ணாடிகளை உடைத்தது. 2008இல் மீண்டும் வந்தது. 2003இல் ஏலத்துக்கு வந்தபோது வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் அமைப்புகள் சேர்ந்து 75 லட்சம் டாலருக்கு இவ்வீட்டை வாங்கின. 2004 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டன. நிழல் தந்த மேப்பிள் மரம் பட்டுப்போக, 2013இல் அதை வெட்ட வேண்டியதாயிற்று.

2020இல் அங்கே ஒரு கண்காட்சி அமைத்தார்கள். மீஸின் நாற்காலிகளை எடுத்துவிட்டு, பழைய ஒளிப்படங்களின் துணைகொண்டு, ஐம்பதுகளில் ஈடித் வைத்திருந்தபடியே வீட்டை மீண்டும் ஒழுங்குசெய்தார்கள். அடுத்த ஆண்டு வீட்டின் பெயரையும் மாற்றினார்கள். அதுவரை குடும்பப் பெயர் மட்டும் நின்ற இடத்தில் 'ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்' என்று முழுப்பெயர் ஏறியது. அவர் அங்கே தங்கிய முதல் இரவிலிருந்து கணக்கிட்டால் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.