சொன்னதும் மறந்துபோகும் மந்திரம்

மந்திரவாதி ஒருவன் காலையில் உட்கார்ந்து ஏட்டைப் புரட்டி ஒரு மந்திரத்தை மனப்பாடம் செய்கிறான். மத்தியானம் எதிரியைப் பார்த்து அதை உச்சரிக்கிறான். மந்திரம் பலிக்கிறது, அந்த நொடியே அவன் நினைவிலிருந்து அது துடைத்தாற்போலப் போய்விடுகிறது. மறுபடி வேண்டுமானால் மறுபடியும் ஏடு, மறுபடியும் மனப்பாடம். ஒருமுறை கற்ற வித்தை உயிருள்ளவரை கூட வரும் என்று நம்பி வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படும்.

இந்த அநியாயத்தைக் கற்பனை செய்தவர் ஜாக் வான்ஸ். 1916இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். கண்பார்வை மந்தம் என்பதால் ராணுவம் சேர்த்துக்கொள்ளவில்லை. 1943இல், பார்வையைச் சோதிக்கும் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்து ஒப்பித்து, வணிகக் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்துகொண்டார். மனப்பாடத்தின் பலத்தில் கடலுக்குப் போன மனிதர் அந்தக் கப்பல் வாழ்க்கையினூடே எழுதிய கதைகள்தாம் 1950இல் 'தி டையிங் எர்த்' என்ற நூலாக வந்தன.

அந்த நூலின் உலகம் மூப்படைந்த உலகம். சூரியன் இன்றோ நாளையோ அணைந்துவிடும். ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த மந்திரங்களில் நூறு போலத்தான் மிச்சம். அவற்றையும் யாரும் முழுதாகப் புரிந்துகொண்டு சொல்வதில்லை. டுர்ஜான் என்பவனின் மூளையில் ஒரே சமயத்தில் நான்கு மந்திரங்கள்தாம் தங்கும். மசீரியன் என்பவன் படாதபாடு பட்டு ஐந்தைத் திணித்துக்கொண்டு கிளம்புகிறான். வான்ஸுக்கு இது ஒரு சோகம். முன்னோர் செய்த வேலையின் கந்தல்களை வைத்துக் காலம் தள்ளும் மனிதர்களைக் காட்ட அவருக்கு இந்த மறதி வேண்டியிருந்தது.

மேசை விளையாட்டுக்குள் இந்த மறதி வந்த கதை வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூர். அங்கே கேரி கைகாக்ஸும் அவரது நண்பர்களும் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் அணிவகுக்கவைத்துப் போர் விளையாடுபவர்கள். 1971இல் கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்பவருடன் சேர்ந்து 'செயின்மெயில்' என்ற விதிநூலை வெளியிட்டார். அதன் பின்னிணைப்பில் டிராகன்களும் மந்திரவாதிகளும் வந்தார்கள். அந்த மந்திரவாதி எறியும் தீப்பந்து கவண்பொறி எறியும் கல்லைப் போலத்தான். எத்தனை முறை எறியலாம் என்று வரம்பே இல்லை. பெரும் படைகள் மோதும் இடத்தில் இது ஒரு பீரங்கி, அவ்வளவே.

1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைக் கொண்டுவந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. ஒரு பெட்டி, மூன்று சிறு கையேடுகள், முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள். இப்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் படைத்தலைவர்கள் அல்ல. ஆளுக்கு ஒரே ஒரு பாத்திரம். வாள் பிடிக்கும் வீரன், மந்திரவாதி, கிளெரிக் எனப்படும் சமயப் போராளி என்று மூன்று வகுப்புகள். நிலவறைக்குள் நான்கைந்து பேராக இறங்கும்போது அவர்களில் ஒருவன் பீரங்கியாக இருந்தால் மற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?

வான்ஸின் மறதி இந்த இடத்தில் கைகொடுத்தது. முதல் படியில் இருக்கும் மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். கவசம் கிடையாது, ஆயுதமென்று ஒரு குத்துவாள் மட்டும். ஆனால் அந்த ஒரே மந்திரம் 'ஸ்லீப்' ஆக இருந்தால், ஒரு கும்பலையே தூங்கவைத்துவிடலாம். அதற்குப் பிறகு அன்றைய பொழுது முழுக்க அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வீரனின் முதுகுக்குப் பின்னால் நடக்க வேண்டியதுதான். ஐந்தாம் படியை எட்டினால் தீப்பந்து கிடைக்கும், அதுவரை பிழைத்திருந்தால்.

கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஒரே ஒருமுறைதான் எறியலாம். அர்ச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததைக் கடோத்கசன்மேல் செலவழிக்க நேர்ந்தது. லேக் ஜெனிவாவின் மந்திரவாதிக்கு அந்த இக்கட்டு தினமும் உண்டு. முதல் அறையில் வரும் பூதத்துக்கு இதைக் கொடுத்துவிடலாமா, கடைசி அறையில் எது இருக்கிறதோ? விளையாடுபவரின் நெற்றியில் வியர்வை வந்தது பகடையால் மட்டுமல்ல, இந்தக் கணக்காலும்தான்.

1974ஆம் ஆண்டுக் கையேடு இந்த மறதி விதியை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதால் குழப்பங்கள் வந்தன. 1976இல் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதி, ஏன் இப்படி, இது யாரிடமிருந்து வந்தது என்பதை விளக்கினார். பின்னர் வந்த மேம்பட்ட பதிப்பில் மனப்பாடத்துக்கே நேரம் குறிக்கப்பட்டது: மந்திரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் 15 நிமிடம். மூன்றாம் நிலைத் தீப்பந்தை ஏற்றிக்கொள்ள முக்கால் மணி நேரம். வான்ஸின் நூலிலிருந்து 'பிரிஸ்மேட்டிக் ஸ்ப்ரே' என்ற மந்திரமும் பெயரோடு வந்துசேர்ந்தது. அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வெக்னா என்று வரும். அந்தப் பெயரில் விளையாட்டில் வரும், இறந்தும் சாகாத மந்திரவாதியின் கையும் கண்ணும் 1976இலேயே விதிநூலில் இடம்பெற்றுவிட்டன. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அந்தப் பெயரைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு வான்ஸைத் தெரிந்திருக்கும்?

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. 1975இலேயே அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே 'டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ்' என்ற விளையாட்டில், மந்திரம் போட்டால் உடம்பின் வலிமைப் புள்ளிகள் குறையும் என்று வைத்தார். மந்திரம் மறக்காது, ஆள்தான் களைப்பான். கேட்க இயல்பாக இருக்கும் யோசனை. கணினி விளையாட்டுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்ந்தன. 1987இல் வந்த முதல் 'ஃபைனல் ஃபேன்டஸி' ஒவ்வொரு நிலை மந்திரத்துக்கும் இத்தனை தடவை என்று பழைய மேசைக் கணக்கையே வைத்திருந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாவதில் எல்லா மந்திரங்களுக்கும் எம்பி எனப்படும் மந்திரப் புள்ளிகளின் ஒரே பொதுத் தொட்டி.

மறதி விதியின் உண்மையான பலவீனம் வேறொன்று. இருந்த மந்திரங்களையெல்லாம் முதல் கால்மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, கூடாரம் அடித்துத் தூங்கிவிட்டால் மறுநாள் எல்லாம் புதிதாகக் கிடைக்கும். பல குழுக்கள் அப்படித்தான் ஆடின. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் கண்டிப்பானவராக இருந்தால் தூங்கும்போது ஓநாய்களை அனுப்புவார். இல்லாவிட்டால் வீரன் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருப்பான்.

ஆக, பின்வந்த பதிப்புகள் மறதியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவைத்தன. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பின் வடிவமைப்பாளர்களில் ஒருவர் ஜொனதன் ட்வீட். சொற்களைச் சேர்த்துச் சேர்த்து மந்திரங்களை அந்தந்த நேரத்தில் உண்டாக்கும் 'ஆர்ஸ் மேஜிக்கா' என்ற விளையாட்டை 1987இல் உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பதிப்பில் சோர்சரர் என்ற புது வகுப்பு வந்தது. அவனுக்கு ஏடும் இல்லை, மனப்பாடமும் இல்லை. தெரிந்த மந்திரங்கள் குறைவு, ஆனால் எதை வேண்டுமானாலும் அந்த நேரத்தில் எடுத்து வீசலாம். 2008இல் நான்காம் பதிப்பு இன்னும் துணிந்து, வாள்வீரனுக்கும் நாளுக்கு ஒருமுறைச் சாகசம் என்று கொடுத்துவிட்டது. மந்திரவாதிக்கும் வீரனுக்கும் இடையே இருந்த வரப்பு அழிந்ததுபோல் பலருக்குப் பட்டது. கோபித்துக்கொண்டவர்களில் பெருங்கூட்டம் 2009இல் வந்த 'பாத்ஃபைண்டர்' என்ற போட்டி விளையாட்டுக்குப் போய், பழைய விதியைக் கூடவே எடுத்துச் சென்றது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் மறதி ஏறக்குறைய இல்லை. காலையில் ஒரு பட்டியலைத் தயார் செய்துகொள்ளலாம். அதிலிருந்து எதையும் திரும்பத் திரும்பப் போடலாம். செலவாவது 'ஸ்லாட்' என்ற எண்ணிக்கை மட்டும். சிறு மந்திரங்களான கேன்ட்ரிப்களுக்கு அந்த எண்ணிக்கையும் கிடையாது. புதிதாக ஆட வருபவருக்கு இது நல்லதுதான். விளக்குப் பிடிக்கும் வேலையிலிருந்து மந்திரவாதிக்கு விடுதலை. ஆனால் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. மறந்துபோவது ஒரு நிகழ்ச்சி. ஸ்லாட் தீர்வது ஒரு கணக்கு. பயத்தோடு சேர்ந்து பழைய மந்திரவாதியின் அடையாளத்தில் பாதியும் போய்விட்டது.

மறதியை விடாமல் வேறு வழி தேடியவர்களும் உண்டு. 2012இல் குட்மன் கேம்ஸ் வெளியிட்ட 'டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ்', கைகாக்ஸ் படித்த பழைய நூல்களுக்கே திரும்பிப் போனது. அதில் மந்திரம் போட இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். நல்ல எண் விழுந்தால் மந்திரமும் பலிக்கும், நினைவிலும் தங்கும், திரும்பவும் போடலாம். எண் குறைந்தால் பலிக்காது, அன்றைக்கு மறந்தும் போகும். 1 விழுந்தால் மந்திரவாதியின் உடம்பே கோணிப்போகக்கூடும்.