எல்.எஸ்.டி-325: அவசரப் போருக்குக் கட்டிய கப்பல் 1999 வரை வேலை பார்த்தது எப்படி?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, சிங்கப்பூரிலிருந்து ஆக்சிஜன் டேங்குகளோடு விசாகப்பட்டினம் வந்து சேர்ந்ததே ஐஎன்எஸ் ஐராவத், நினைவிருக்கிறதா? அடிப்படையில் அது போர் டாங்கிகளைக் கரையில் இறக்கும் கப்பல். சுருக்கமாக எல்.எஸ்.டி. இந்த வகைக் கப்பல்கள் இரண்டாம் உலகப் போரில் பிறந்தவை. அவற்றில் ஒன்றான அமெரிக்காவின் எல்.எஸ்.டி-325-இன் கதையைப் பார்த்தால், இதை ஏன் எல்லா வேலைக்கும் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்துவிடும்.

1940-இல் டன்கிர்க்கிலிருந்து பின்வாங்கிய பிரிட்டன், வீரர்களைக் காப்பாற்றியது. டாங்கிகளையும் லாரிகளையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. திரும்பிப் போய்ச் சண்டை போட வேண்டுமென்றால், துறைமுகமே இல்லாத கடற்கரையில் கனரக வாகனங்களை இறக்கியாக வேண்டும்.

சிக்கல் இதுதான்: பெருங்கடலைத் தாண்டும் கப்பல் தண்ணீரில் ஆழமாக அமிழ வேண்டும். கரையில் ஏறும் கப்பலோ அமிழவே கூடாது. அமெரிக்கக் கடற்படை வடிவமைப்பாளர் ஜான் நீடர்மயர் 1941 நவம்பரில் வரைந்த விடை எளிமையானது. அடியில் பெரிய தண்ணீர்த் தொட்டிகள். நடுக்கடலில் நிரப்பினால் கப்பல் அமிழும், கரை நெருங்கும்போது பம்ப் வைத்து வெளியேற்றினால் மேலே எழும்பும். மூக்குப் பகுதியில் இரண்டு கதவுகள், ஒரு சாய்தளம். டாங்கி நேராக மணலில் இறங்கிப் போய்விடும். திரும்புவதற்கு? முன்கூட்டியே கடலில் போட்டுவைத்த பின்புற நங்கூரத்தின் கயிற்றைச் சுற்றித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும்.

அமெரிக்கா இப்படி ஆயிரத்துக்கும் மேல் கட்டியது. பிலடெல்பியாவில் கட்டிய 325, 1943 பிப்ரவரி 1 அன்று பணியில் சேர்ந்தது. நீளம் 328 அடி. வேகம் சுமார் 12 நாட், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 22 கி.மீ. நம்ம ஊர் டிராஃபிக்கில் ஊர்ந்து போகும் பைக்கின் வேகம்தான்! 'மெதுவான பெரிய இலக்கு' என்று மாலுமிகளே எல்.எஸ்.டி-க்குக் கிண்டலாக விரிவாக்கம் சொன்னார்கள்.

அந்த வேகத்திலேயே சிசிலி, சலேர்னோ, பிறகு 1944 ஜூனில் நார்மண்டி. டி-டே படங்களில் நீங்கள் பார்ப்பது ஒரு நாள் சண்டை. 325-இன் கணக்கு வேறு: 1945 ஏப்ரலுக்குள் ஆங்கிலக் கால்வாயில் 44 நடை. ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று. போகும்போது வாகனங்களும் வீரர்களும், வரும்போது காயம்பட்டவர்கள். போரை ஜெயிக்க வைத்ததில் இந்த லாரி சர்வீஸுக்குப் பெரிய பங்கு உண்டு. சினிமாவில்தான் இடம் கிடைப்பதில்லை. 1944 டிசம்பர் 28 அன்று எம்பயர் ஜாவலின் என்ற துருப்புக் கப்பல் மூழ்கியபோது சுமார் 700 பேரை மீட்கவும் 325 உதவியது.

1946-இல் ஓய்வு. 1950-களின் தொடக்கத்தில் திரும்ப அழைத்து, ஆர்க்டிக் பகுதியில் ராடார் நிலையங்கள் கட்டச் சரக்கு சுமக்க வைத்தார்கள். 1964-இல் கிரேக்கக் கடற்படைக்குக் கைமாறி, 'சீரோஸ்' என்ற பெயரில் 1999 வரை ஓடியது. கவனியுங்கள்: உலகப் போரில் மூன்று வருடம்கூட இல்லை, கிரேக்கத்தில் 35 வருடம்!

பிறகு வழக்கமாக உடைப்புக்கூடம்தான். ஆனால் அமெரிக்க முன்னாள் மாலுமிகள் சிலர் கிரீட் தீவுக்கே போய் அதைப் பழுது பார்த்தார்கள். முப்பது பேர்கூட இல்லை, சராசரி வயது 70-க்கு மேல். 2000 நவம்பரில் கிளம்பி, குளிர்கால அட்லாண்டிக்கைத் தாண்டி, 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இப்போது அது இந்தியானா மாநிலத்தின் எவன்ஸ்வில்லில், ஓஹையோ ஆற்றங்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. போர்க்காலத்தில் 167 எல்.எஸ்.டி-களைக் கட்டிய ஊர் அது. 325 மட்டும் அங்கே கட்டியதில்லை. அதனால் என்ன, ஊர்க்காரர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள். இன்றும் அவ்வப்போது சொந்த எஞ்சினில் கிளம்பி, ஆற்றோர ஊர்களுக்குப் போய் வருகிறது.