கொடிகாமத்து மல்லித் தண்ணீர்

கொடிகாமம் சந்தைக்கு அருகேயுள்ள தேநீர்க் கடையொன்றில் சென்ற மாரியில் மூலிகைத் தேநீர் என்று ஒன்றைத் தந்தார்கள். பக்கற்றைக் கிழித்துத் தூளைச் சுடுநீரில் கொட்டிக் கலக்கினால் வேலை முடிந்தது. திப்பிலியின் காரமும் மிளகின் எரிவும் தொண்டைக்கு இதமாகவே இருந்தன. ஆனால் சீனியை முன்கூட்டியே கலந்துவிடுகிறார்கள். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்துப் பழகிய நாக்குக்கு அது ஒவ்வவில்லை.

எங்கள் வீடுகளில் இதைத் தேநீர் என்று எவரும் சொன்னதில்லை. மல்லித் தண்ணீர் என்போம். மருந்தாகக் காய்ச்சினால் குடிநீர். யாழ்ப்பாண மன்னர் காலத்து மருத்துவ நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் பேசும் வைத்திய மரபுக்கு உரிய சொல் அது. மல்லியையும் வேர்க்கொம்பையும் (தமிழகத்தார் சுக்கு என்பார்கள்) வறுத்து இடித்து, நீர் பாதியாக வற்றும்வரை அடுப்பில் வைப்பார்கள். காய்ச்சலென்றால் கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள் ஆகியவையும் சேரும். இந்த ஐந்தும் கூடியதைச் சிங்கள மக்கள் 'பஸ்பங்குவ' என்கிறார்கள். ஐந்து பங்கு என்று பொருள். அந்தச் சொல்லுக்குள் நமது 'பங்கு' ஒலிப்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்.

தேயிலை பிந்தி வந்த விருந்தாளி. ஜேம்ஸ் ரெய்லர் மலையகத்தில் அதைத் தோட்டப் பயிராக நட்டது 1867இல். 1869இல் கோப்பியை இலைத்துரு நோய் பிடித்தபின்பே தேயிலை அங்கு அரசாளத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தார் கோப்பியை அப்போதும் விட்டுவிடவில்லை. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த கோப்பித் தூள் இன்றும் இங்கிருந்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பொதி பொதியாகப் போகிறது.

நாட்டு மருந்து என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் மல்லியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. மரமஞ்சளோ தென்மேற்கு இலங்கையின் மழைக்காட்டுக் கொடி. பாதை திறந்திருந்தால்தான் இந்தக் குடிநீர் முழுமையாகும். 1990இல் புகையிரதம் நின்று பொருளாதாரத் தடையும் வந்த பின்னர், இவை கடைகளில் அருமைப் பொருள்களாயின.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். நானும் நடந்தேன். பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் நிரம்பி, தென்னங்காணிகளிலும் சனம் ஒதுங்கியது. கொடிகாமத்தில் ஒரு வீட்டுப் படலையில் கிடாரம் வைத்து, போவோர் வருவோருக்கெல்லாம் ஒரு வயோதிப மாது வார்த்துக்கொண்டிருந்தார். ஆடாதோடை, தூதுவளை, துளசி: எல்லாம் வேலியிலும் முற்றத்திலும் பறித்தவை. கசப்புத் தாங்காமல் ஒரு பொடியன் துப்பிவிட்டான்.

"மல்லி இல்லையப்பு, இருக்கிறதைக் குடியுங்கோ" என்றார் அவர்.

பனங்கட்டித் துண்டொன்றைப் பாக்களவாக உடைத்து அவன் கையில் வைத்தார். எனக்கும் தந்தார். அந்தச் சில வாரங்களில் தடிமனும் நெருப்புக்காய்ச்சலும் முகாம்களில் பரவியபோது எத்தனை பேருக்கு அந்தக் கிடாரம் கைகொடுத்ததோ, எந்தப் பத்திரிகையும் அதை எழுதவில்லை. எழுதக் கடதாசியும் இருக்கவில்லை.

2000ஆம் ஆண்டு மே மாதம் தென்மராட்சியிலேயே போர் மூண்டது. 1995இல் எங்களுக்கு இடந்தந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். 2002இல் சமாதான காலத்தில் அந்தப் படலையைத் தேடிப்போனேன். வீடு கூரையின்றி நின்றது. அவர்கள் வடமராட்சிக்குப் போனதாக ஓர் அயலவரும், வன்னிக்குப் போனதாக மற்றவரும் சொன்னார்கள்.