முதுகெலும்பு இணைநார் எலும்பாதல்

முள்ளெலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் இணைநார்கள் மெல்ல எலும்பாக மாறித் தண்டுவடத்தை நெருக்கும் நோய்நிலை. பின்புற நீள்நார் பெரும்பாலும் கழுத்திலும், மஞ்சள் இணைநார் பெரும்பாலும் நெஞ்சுப்பகுதியின் கீழ்ப்பாதியிலும் இறுகும். ஆனால் கழுத்தில் கண்டவருக்கு நெஞ்சிலும் இடுப்பிலும் இருக்கலாம். கழுத்தை மட்டும் படமெடுத்து நிறுத்துவது பிழை.

ஜப்பானியரிடம் இந்நோய்க்கு மரபுக்கூறு முதன்மைக் காரணமாகப் பேசப்படுகிறது. திண்டுக்கல் சமவெளியிலோ முதலில் குடிநீரை விசாரிக்க வேண்டும். நிலக்கோட்டை வட்டாரம் போன்ற கடினப்பாறைப் பகுதிகளில் சில ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறது; நாள்பட அது உடலில் சேர்ந்து இணைநார்களை எலும்பாக்கலாம். பல்லில் பழுப்புக்கறை தொடக்க அடையாளம். பல்லாண்டு கழித்தே முதுகு விறைக்கும், குனிந்து மல்லிகை பறிப்பது வதையாகும். இந்தியாவில் இந்த ஃபுளோரைடு நஞ்சேற்றம் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் பதிவானது.

குடிநீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு நீங்காது.