நிலமட்டமும் கணினி மனைமேடையும்

கட்டடம் எழும்பும் இடத்தின் மேடுபள்ளங்களைக் கணினியில் உருவாக்கி, கட்டடம் அமர்வதற்கான சமதளத்தை அதில் அமைப்பது நில உருமாதிரியாக்கம் ஆகும். அச்சமதளத்தை மனைமேடை எனலாம். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி வட்டத்திலுள்ள வீரசோழன் போன்ற மானாவாரிப் பகுதி ஊர்களில் நிலம் பார்வைக்குத் தட்டையாகவே தெரியும். ஆனால் அங்கு ஒரு சாண் உயர வேறுபாடே மழைநீர் செல்லும் திசையைத் தீர்மானிக்கிறது.

பழைய முறைகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வேளாண்மை வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் சார்ந்தது. வரத்துக்கால் வழியே கண்மாய்க்கு நீர் வரும். நிறைந்தபின் மிகுநீர் கலுங்கு வழியே வெளியேறி அடுத்த கண்மாயைச் சேரும். நிலமட்டத்தை நுட்பமாக அறிந்தவர்களாலேயே இத்தகைய தொடரை அமைக்க முடிந்தது. கொத்தனார்கள் ரசமட்டத்தையும் தண்ணீர் நிரப்பிய டியூபையும் கொண்டு கட்டடத்தின் மட்டம் பார்த்தனர், இன்றும் பார்க்கின்றனர்.

அளவீட்டிலிருந்து கணினிக்கு

1774-இல் ஸ்காட்லாந்தின் ஷீஹாலியன் மலையில் அளவீடுகள் தொடங்கின. அவற்றைக் கணக்கிட்ட சார்லஸ் ஹட்டன், சம உயரப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தார். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, இந்தியப் பெரு முக்கோண அளவீட்டுக்கு வழிவகுத்தார். 1950-களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் மில்லர், சாலை வடிவமைப்புக்காக எண்முறை நில மாதிரி என்னும் கருத்தை முன்வைத்தார்.

2000-இல் வெளியான ரெவிட் மென்பொருளை 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது. அதில் உயரப் புள்ளிகளை முக்கோணங்களால் இணைத்து 'டோபோசர்பேஸ்' என்னும் நிலப்பரப்பு உருவாக்கப்பட்டது. 'பில்டிங் பேட்' என்னும் மனைமேடை அப்பரப்பை வெட்டி அமர்ந்தது. 2024 பதிப்பில் கன அளவுடைய 'டோபோசாலிட்' அதன் இடத்தைப் பிடித்தது.

ஒரு கணக்கு

20 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் கொண்ட மனை, நீளவாக்கில் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் இருப்பதாகக் கொள்வோம். இரு முனைகளுக்கும் உயர வேறுபாடு 30 செ.மீ. நடுமட்டத்தில் மேடை அமைத்தால், மேற்பாதியில் 22.5 கன மீட்டர் மண் வெட்டி, கீழ்ப்பாதியில் அதே அளவு நிரப்ப வேண்டும். மென்பொருள் இதை நொடியில் கணக்கிடும். ஆனால் வெட்டிய மண் உதிர்ந்து பெருகும். திமிசு போட்டால் இறுகும். கரிசல் மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் என்பதால் நிரப்புவதற்கு ஏற்றதன்று.

வரம்பும் பொறுப்பும்

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் திரட்டிய உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர். மேற்கண்ட மனை முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். உயரப் பிழையோ சில மீட்டர் வரை இருக்கலாம். எனவே 30 செ.மீ. சரிவை அறிய மனையிலேயே கருவி வைத்து மட்டம் எடுப்பது கட்டாயம்.

அளவீடு மனை எல்லையோடு நின்றுவிடவும் கூடாது. பக்கத்து வீட்டின் வாசல் மட்டம், தெரு மட்டம், அருகிலுள்ள வரத்துக்கால் ஆகியவற்றையும் உள்ளிட்டால்தான் உயர்த்திய மேடை தண்ணீரை எங்கே திருப்புகிறது என்பது திரையில் தெரியும். உள்ளிடாவிட்டால் ஒரு வீடு நனையாமல் இருக்க அடுத்த வீட்டுக்குள் நீர் புகும். கண்மாய்க்குச் சேர வேண்டிய நீரும் வழிமாறிப் போகும்.