கைக்கு அடங்கும் பாரம்

ரிவால்வர் லைசென்ஸ் கையில் கிடைத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எடையைப் பற்றித்தான். மதுரையில் போலீஸ் ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசுத் தொழிற்சாலையில் செய்யும் .32 ரிவால்வர் ஏறக்குறைய 700 கிராம். 2014-இல் கான்பூரிலிருந்து வந்த ‘நிர்பீக்’ டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆனது, 500 கிராம்தான். லேசான ரிவால்வர் நாள் முழுக்க இடுப்பில் கிடந்தாலும் உறுத்தாது. ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும், குழல் குட்டையானால் குறி தவறும். .32 தோட்டா வீரியம் குறைந்தது என்பதால் அந்த எடை அதற்குப் போதும். இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

இதே கணக்கை எங்கள் மேலூர்ப் பக்கத்து முன்னோர்கள் துப்பாக்கி இல்லாமலே போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சாமி அறையில் ஒரு வளரி இருக்கிறது. பிறை போல வளைந்த மரத்தடி. ஒரு முனை கனம், மறுமுனை மெலிவு. மெலிந்த பக்கத்தைப் பிடித்து, தோளுக்கு மேலே சுழற்றி வீச வேண்டும். கனமான முனை முன்னே போகும். சுழற்சிதான் அதைத் தூரம் கொண்டு போய்ச் சேர்க்கும். கையில் எடுத்தால் .32 ரிவால்வருக்கும் அதற்கும் பாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரும்பிலும் தந்தத்திலும்கூட வளரி செய்தார்கள். தஞ்சை அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்த தந்த வளரிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. என்னைக் கேட்டால் தந்தம் அரண்மனையின் பெருமைக்கு, மரம்தான் வேலைக்கு. காட்டில் விழுந்து தொலைந்தால் மரத்தில் இன்னொன்று செதுக்கிக்கொள்ளலாம்.

வளரியின் தகுதியைப் பற்றிச் சாட்சி சொன்னவர்களில் நான் மிகவும் மதிப்பது ஒரு எதிரியை. ஜேம்ஸ் வெல்ஷ், கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரி. 1795 வாக்கில், சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். தேர்ந்த கையில் நூறு கஜத்துக்குள் எந்தத் தூரத்துக்கும் அது குறி தவறாது என்பது அவர் கணிப்பு.

நூறு கஜம் என்பதைப் படித்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் கம்பெனிச் சிப்பாய் தூக்கித் திரிந்த நீளத் துப்பாக்கி நாலரைக் கிலோ எடை. நூறு கஜத்தைத் தாண்டினால் அதில் ஒரு தனி மனிதனைக் குறி வைத்து அடிப்பது கடினம். நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுட முடியும். மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. அதில் ஆறில் ஒரு பங்கு எடைகூட இல்லாத ஒரு தடி, மழையிலும் வேலை செய்யும், ஓசை எழுப்பாது, மருந்தும் ரவையும் கேட்காது. ஆயுதத்தை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் வளரி இளைத்ததல்ல.

பிறகு ஏன் தோற்றது? வீசிய வளரி எதிரியின் பக்கம் போய்விடும், திரும்பி வராது. ஒருவன் எத்தனைதான் சுமப்பான்? சுழன்று பறக்க வெட்டவெளி வேண்டும். கண்மாய்க் கரையும் பொட்டலும் அதற்குத் தோது, முள்காட்டுக்குள் கிளையில் தட்டி விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளரி வீச்சு சிறுவயதிலிருந்து தோளில் ஊற வேண்டிய வித்தை. துப்பாக்கி பிடிக்கச் சில மாத டிரில் போதும். ஒரு வளரிக்காரன் செத்தால் அந்த இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை ஆகும்; கம்பெனியோ அடுத்த மாதமே வேறொரு சிப்பாயைக் கொண்டுவந்து நிறுத்தும்.

1801-இல் மருது சகோதரர்கள் கம்பெனியோடு மோதியபோது அதுதான் நடந்தது. சின்ன மருதுவின் ஊரான சிறுவயல் எரிந்தது. கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படை வாரக்கணக்கில் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது; கடைசியில் அக்டோபர் 1-ஆம் தேதி மருதுக்களின் அரணான காளையார்கோயிலைப் பிடித்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து அறிக்கை விட்டார். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் எழுபதுக்கும் மேற்பட்டவர்களும் பினாங்குக்குக் கடல் கடத்தப்பட்டார்கள். வளரி கற்றுக்கொடுத்தவரின் அந்த மகனை 1818-இல் பினாங்கில் வெல்ஷ் சந்தித்தார். அந்தப் பக்கத்தை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடிந்ததே இல்லை.

பீரங்கியைப் பறிமுதல் செய்வது எளிது; கோட்டையை இடித்துவிடலாம். ஆனால் உழுகிறவன், ஆடு மேய்க்கிறவன், காவலுக்குப் போகிறவன் இடுப்பில் செருகியிருக்கும் ஆயுதத்தைப் பறிக்க ஊரையே சோதனை போட வேண்டும். லேசான ஆயுதத்தின் முதல் தகுதி அதுதான் என்பேன்: சாமானியன் அதைத் தன் வேலைக்குக் குறுக்கே நிற்காமல் சுமக்கலாம். கிளைவின் அறிக்கை குறி வைத்தது அந்தச் சாமானியனை. 1878-இன் ஆயுதச் சட்டம் வாளுக்கும் ஈட்டிக்கும்கூட லைசென்ஸ் கேட்டது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அந்தச் சட்டம் அமலில் இருக்கும்போதே, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பெல்ஜியத்தில் செய்த சிறிய பிரவுனிங் கைத்துப்பாக்கி அது. உள்ளங்கை அளவு ஆயுதத்தைச் சட்டத்தால் முழுதாகத் தடுக்க முடியவில்லை.

வளரியோ அதற்குள் வழக்கொழிந்து போயிருந்தது. புதுக்கோட்டை திவான் தந்த விவரத்தை, சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் அச்சிட்டார்: வல்லவர்கள் யாரும் மிஞ்சவில்லை, எப்போதாவது முயலும் காட்டுக்கோழியும் அடிக்க எடுக்கிறார்கள், மற்றபடி பூஜை அறையில் இருக்கிறது, ஆயுத பூஜையன்று துடைத்து மறுபடி வைத்துவிடுகிறார்கள். கள்ளர் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளைதடி, அதாவது வளரி, மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

இப்போது சிலம்ப ஆசான்கள் சிலர் மைதானத்தில் வளரி கற்றுத் தருகிறார்கள். பார்த்தேன், மகிழ்ந்தேன். ஆனால் பல பிள்ளைகளின் கையில் இருப்பது இரு முனையும் ஒரே கனத்தில் அறுத்த பலகை. அது வளரி பறக்கும் விதத்தில் பறக்காது. ரிவால்வர் ஒன்று கிடங்குக்கு வந்தால் எடை, குழல் நீளம், விசையின் இழுப்பு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவோம். அருங்காட்சியகங்களிலும் எங்கள் பக்கத்து வீடுகளிலும் மிச்சமிருக்கும் ஒவ்வொரு பழைய வளரிக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும்: என்ன மரம், எத்தனை கிராம், விரல் மேல் வைத்தால் எந்த இடத்தில் சமன் நிற்கிறது. எங்கள் வீட்டுத் தடியை அளந்து எழுதி வைத்துவிட்டேன். பக்கத்து வீடுகளிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.